தங்கூசி இழையும் கிரீனிச் கடிகாரமும்: தூரத்து விமான நிலையங்களுக்கு இடையே கணக்குப் போடுவது எப்படி

மே மாதக் கடைசியில் ஒரு நாள், அசர் தொழுகை முடிந்து நான் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது எதிர்வீட்டுத் தங்கச்சி கையில் ஒரு காகிதத்தோடு வந்தாள். அவள் மகன் கத்தாரின் தோஹாவில் ஆறு வருடம் வேலை பார்த்தவன். இப்போது நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு மாறுகிறான். டிக்கெட்டின் நகலை உம்மாவுக்கு அனுப்பியிருக்கிறான். அவள் அதை அச்செடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுவார்கள்.

"காக்கா, ஜூன் 10ஆம் தேதி இரவு 2 மணிக்கு ஏறி 11ஆம் தேதி விடியற்காலை 3 மணிக்கு இறங்குவதாகப் போட்டிருக்கிறது. இருபத்தைந்து மணி நேரமா பிள்ளை ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பான்?"

"பதினாறு மணி நேரம்" என்றேன்.

அவள் நம்பவில்லை. காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். பின்புறம் வெறுமையாக இருந்தது. "எவ்வளவு தூரம்?" என்று அடுத்த கேள்வி. அதற்கு அவள் வீட்டுப் பையனின் கைபேசி ஒரு விடை சொல்லும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த விடையை அவள் எதை வைத்துச் சரிபார்ப்பாள்?

நான் ராமநாதபுரக் கடற்கரையில் உள்ள கீழக்கரைக்காரன். இருபத்திரண்டு வருடம் சரக்குக் கப்பல்களில் இருந்தேன். அதில் பெரும்பகுதி இரண்டாம் அதிகாரியாக. கப்பலில் வழி போடுவது இரண்டாம் அதிகாரியின் வேலை. ஊரில் வீட்டுக்கு ஒரு சபராளி, அதாவது வெளிநாட்டில் பிழைப்பவர், இருப்பதால் இந்தத் திண்ணைக்கு டிக்கெட் வராத வாரம் கிடையாது. எல்லாரிடமும் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தூரம் உருண்டையில் இருக்கிறது, நேரம் கடிகாரத்தில் இருக்கிறது. ஒன்றை அளக்கும் கருவியால் மற்றதை அளக்கப்போனால் எதிர்வீட்டுத் தங்கச்சிக்கு வந்த இருபத்தைந்து மணி நேரம்தான் வரும்.

அளப்பதற்கு முன் எந்த விமான நிலையம் என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். ஊர்ப் பெயரை நம்பாதீர்கள். ஆஸ்திரேலியாவில் ஒரு சிட்னி இருப்பதுபோல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலும் ஒரு சிட்னி இருக்கிறது. பெயரை மட்டும் பார்த்து டிக்கெட் வாங்கி அங்கே போய் இறங்கியவர்களும் உண்டு. துபாய்க்கு இரண்டு விமான நிலையங்கள். டிக்கெட்டில் இருக்கும் மூன்றெழுத்துக் குறிதான் சாட்சி. அதுவும் சில சமயம் பழைய பெயரிலேயே நிற்கும். சென்னை பெயர் மாறி எத்தனையோ வருடமாகியும் அதன் குறி இன்னும் மெட்ராஸை ஒட்டிய 'எம்.ஏ.ஏ'தான்.

இனி தூரம். பேரனின் மேசையில் பள்ளிக்கூடத்து உலக உருண்டை ஒன்று இருக்கிறது, குறுக்களவு 30 சென்டிமீட்டர். அதையும், பழைய தங்கூசி (நைலான்) வலையிலிருந்து வெட்டிய இரண்டு முழ இழையையும் எடுத்துவந்தேன். தையல் நூலும் ஆகும்தான், ஆனால் அது உருண்டையில் வைத்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும். தங்கூசி வழுக்கும். இந்த வேலைக்கு வழுக்குவதுதான் நல்லது. ஒரு முனையைத் தோஹாவில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையை ஆக்லாந்தில் வைத்து மெல்ல இழுத்தால், இழை தானாகவே சறுக்கிப் போய் இரண்டு ஊருக்கும் நடுவே எது மிகக் குறுகிய வழியோ அதில் படிந்துவிடும். கப்பலில் இதைப் பெருவட்டப் பாதை என்போம். உருண்டையை அந்தக் கோட்டோடு இரண்டாகப் பிளந்தால் சரிபாதியாகப் பிளக்கும். அதனால் அந்தப் பெயர்.

இழையில் தோஹாவும் ஆக்லாந்தும் வரும் இடங்களை நகத்தால் பிடித்துக்கொண்டு, அப்படியே பூமத்திய ரேகையின் மேல் கிடத்துங்கள். அங்கே பாகை எண்கள் அச்சிட்டிருக்கும். எத்தனை பாகை நீளம் என்று பாருங்கள். எங்களுக்கு 130க்குச் சற்று மேலே வந்தது. ஒரு பாகைக்கு 60 கடல் மைல், ஒரு கடல் மைலுக்கு 1.852 கிலோமீட்டர். கிலோமீட்டரில் மட்டும் வேண்டுமென்றால் பாகைக்கு 111 என்று பெருக்குங்கள். உருண்டையில் பாகை எண் இல்லையென்றால் அளவுகோலால் அளக்கலாம். 30 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள உருண்டையின் சுற்றளவு சுமார் 94 சென்டிமீட்டர், பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர். ஆகவே சென்டிமீட்டருக்கு 425 கிலோமீட்டர். எங்கள் இழை 34 சென்டிமீட்டர் இருந்தது. பெருக்கினால் 14,450. திண்ணைக் கணக்குக்கு இது போதும்.

சுவரில் தொங்கும் தட்டையான உலகப் படத்தில் அளக்கவே அளக்காதீர்கள். 1569இல் மெர்காட்டர் வரைந்த முறை கப்பல்காரனுக்காக வந்தது. ஒரே திசைமுனையைப் பிடித்துக்கொண்டு போகிறவனுக்கு அதில் வழி நேர்கோடாக விழும், அந்த வசதிக்காக. அந்த வசதிக்கு விலையாக, துருவத்தை நெருங்க நெருங்க நிலமும் கடலும் ஊதிப் பெருத்துவிடும். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, பெங்களூரிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்குப் போக ஜப்பானைத் தாண்டிப் பசிபிக்கைக் கிழக்கே கடக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். இழையைப் பிடித்தால் அது வடதுருவத்துப் பக்கமாக ஏறும். 2021 ஜனவரியில் கேப்டன் சோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகளே சான்பிரான்சிஸ்கோவிலிருந்து துருவத்து வழியாகப் பெங்களூருக்கு ஓட்டிவந்தது இதனால்தான்.

இந்த இடத்தில்தான் தங்கச்சி என் கையைத் தட்டினாள். "காக்கா, இழை நம் ஊர் மேலேயே போகிறதே!"

குனிந்து பார்த்தேன். உண்மைதான். தோஹாவிலிருந்து கிளம்பிய இழை அரபிக்கடலைக் கடந்து, கேரளக் கரையில் ஏறி, தூத்துக்குடிக்குச் சற்று வடக்கே மறுபடி கடலில் இறங்கி, நமது மன்னார் வளைகுடாவைத் தாண்டி இலங்கையின் நடுவே போயிற்று. பிறகு இந்தியப் பெருங்கடல். பிறகு ஆஸ்திரேலியாவை வடமேற்கிலிருந்து தென்கிழக்காகக் குறுக்கே வெட்டி, சிட்னிக்குச் சற்று வடக்கே வெளியேறி ஆக்லாந்தில் முடிந்தது. பேரனின் உருண்டையில் கீழக்கரை கிடையாது. ஆனால் இழைக்கும் நம் கரைக்கும் நடுவே ஒரு மணல் பொடிகூட விழாது. இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் ஊருக்குத் தெற்கே சுமார் எழுபது கிலோமீட்டரில் அந்தக் கோடு போகிறது.

கணக்கு என்றேன் அல்லவா, அதையும் சொல்கிறேன். பத்தாம் வகுப்புத் திரிகோணமிதி போதும். இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை வேண்டும். தோஹா வடக்கு 25.27, கிழக்கு 51.61. ஆக்லாந்து தெற்கு 37.01, கிழக்கு 174.79. தெற்கு என்றால் கழித்தல் குறி போட்டுக்கொள்ளுங்கள். தீர்க்கரேகைகளின் வித்தியாசம் 123.18. ஒன்று கிழக்கிலும் மற்றது மேற்கிலும் இருந்தால் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை 180ஐத் தாண்டினால் 360இலிருந்து கழியுங்கள்.

இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள்: 0.4269 பெருக்கல் கழித்தல் 0.6020, கிடைப்பது கழித்தல் 0.2570. இது ஒரு பக்கம் இருக்கட்டும். அடுத்து இரண்டு அட்சரேகைகளின் கோசைன் மதிப்புகளையும், தீர்க்கரேகை வித்தியாசத்தின் கோசைனையும் சேர்த்துப் பெருக்குங்கள்: 0.9043, 0.7985, கழித்தல் 0.5473. கிடைப்பது கழித்தல் 0.3952. இரண்டையும் கூட்டினால் கழித்தல் 0.6522. எந்தக் கோணத்துக்கு இந்தக் கோசைன் என்று கைபேசியின் கணிப்பானைக் கேட்டால் 130.7 பாகை என்று சொல்லும். அறுபதால் பெருக்க, 7,842 கடல் மைல். கிலோமீட்டரில் 14,523. புத்தகங்களில் 14,535 என்று பார்த்தால் திகைக்க வேண்டாம். பூமி உள்ளபடி சரியான உருண்டை அல்ல. நடுவில் கொஞ்சம் பருத்து, துருவங்களில் கொஞ்சம் அமுங்கியது. பன்னிரண்டு கிலோமீட்டருக்காக நான் சண்டை போட மாட்டேன்.

இதில் எல்லாரும் வழுக்கும் இடங்கள் இரண்டு. கணிப்பான் பாகையில் இல்லாமல், கோணத்தை அளக்கும் வேறொரு அலகான ரேடியனில் இருந்தால் விடை குப்பையாக வரும். முதலில் சைன் 30 போட்டுப் பாருங்கள், 0.5 வந்தால் சரி. அடுத்தது, அட்சரேகையை 25 பாகை 16 நிமிடம் என்று கொடுத்திருந்தால் அதை 25.16 என்று எழுதிவிடுவது. பதினாறை அறுபதால் வகுத்து 25.27 என்றுதான் எழுத வேண்டும். பயிற்சிக்கு வந்த பையன்கள் எத்தனை பேர் இந்தப் பிழையால் எங்கள் கப்பலைக் காகிதத்தில் தரைமேல் ஏற்றியிருக்கிறார்கள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். விடை 20,000 கிலோமீட்டரைத் தாண்டினால் கணக்கு நிச்சயமாகத் தப்பு. பூமியில் எந்த இரண்டு இடத்துக்கும் குறுகிய வழி அதற்கு மேல் இருக்க முடியாது.

தூரம் கையில் வந்தபின் பறக்கும் நேரம் சுலபம். பெரிய ஜெட் விமானம் காற்றில்லாத வானத்தில் மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் போகும். நான் 890ஆல் வகுத்து, தரையில் ஊர்ந்து போவதற்கும் ஏறி இறங்குவதற்கும் முக்கால் மணி சேர்ப்பேன். 14,523 வகுத்தல் 890, பதினாறே கால் மணிக்குச் சற்று மேல். முக்கால் சேர்த்தால் பதினேழு மணி. ஆனால் தங்கச்சியிடம் பதினாறு என்றல்லவா சொன்னேன்? அந்த ஒரு மணி நேரத்தைக் காற்று தின்றுவிடுகிறது.

நம் கரையில் கச்சான் என்றால் மேல்காற்று, கொண்டல் என்றால் கீழ்காற்று. வானத்தில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், பூமத்திய ரேகையை விட்டு வடக்கேயும் தெற்கேயும் தள்ளிப்போனால், வருடம் முழுக்கக் கச்சான்தான். ஆறுபோல ஒடுங்கி ஓடும் அந்தக் காற்றோட்டத்தின் நடுவில் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேலும் வேகம் இருக்கும். ஆஸ்திரேலியாவின் தென்பாதிக்கு மேலே தோஹா விமானத்துக்கு அது முதுகில் அடிக்கும். திரும்பி வரும்போது முகத்தில் அடிக்கும். அதனால் போக சுமார் பதினாறு, வர பதினேழரை வரை. பொதுவாக, நீண்ட பயணத்தில் கிழக்கே போனால் கணக்கிலிருந்து கொஞ்சம் கழியுங்கள், மேற்கே போனால் கூட்டுங்கள்.

நம் தலைக்கு மேல் மட்டும் இந்த விதி ஜூன் முதல் செப்டம்பர் வரை தலைகீழ். தென்மேற்குப் பருவத்தில் கீழே சோழகம் என்ற தென்காற்று அடித்துக்கொண்டிருக்க, மேலே உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு பெருங்காற்று ஓடும். 1958இல் அதைப் பற்றி எழுதி உலகத்துக்குக் காட்டியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம். ஜூலையில் சென்னையிலிருந்து துபாய் போகிறவனுக்கு அந்தக் கொண்டல் நண்பன்.

வேகம் என்றதும் ஒரு பழைய கதை ஞாபகத்துக்கு வருகிறது. 1943 முதல் 1945 வரை, போர்க்காலத்தில், ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து இலங்கையின் தென்கரையில் உள்ள கொக்கல ஏரிக்குக் கேட்டலினா நீர்விமானங்கள் வந்துபோயின. இழைபிடித்தால் சுமார் 5,650 கிலோமீட்டர். அதற்கு அவை எடுத்துக்கொண்ட நேரம் 27 முதல் 33 மணி. ஜப்பானியரிடம் அகப்படாமலிருக்க வானொலியை மூடிவைத்து, நட்சத்திரங்களைப் பார்த்து வழி போட்டார்கள். பயணிகள் வானத்திலேயே இரண்டு சூரியோதயம் பார்த்ததால் அதற்கு 'இரட்டைச் சூரியோதயம்' என்றே பெயர். இன்று நீண்ட இடைநில்லாப் பயணம் என்று கொண்டாடுவது சிங்கப்பூர்–நியூயார்க். 15,300 கிலோமீட்டருக்கு மேல், பத்தொன்பது மணிக்குச் சற்றுக் குறைவு. நட்சத்திரம் பார்த்து வழி போட்டவன் என்ற முறையில் என் வணக்கம் அந்தக் கேட்டலினாக்காரர்களுக்குத்தான்.

இழை காட்டும் வழியில் விமானம் எப்போதும் போகும் என்று நினைக்க வேண்டாம். காற்று, புயல், இரண்டு எஞ்சின் விமானம் அவசரத்துக்கு இறங்க வேண்டிய நிலையங்களின் தூரம், இவை எல்லாம் வழியை வளைக்கும். எல்லாவற்றையும்விட அதிகமாக வளைப்பது அரசியல். 2022இல் ரஷ்யா தன் வான்வெளியை ஐரோப்பிய விமானங்களுக்கு மூடியபின் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி போல இருந்த பயணம் பதின்மூன்று மணியாயிற்று. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் வான்வெளி இந்திய விமானங்களுக்கு மூடியதும் டெல்லியிலிருந்து மேற்கே போகிறவர்கள் அதையே அனுபவித்தார்கள். ஆகவே கணக்கு 16 என்று சொல்ல, டிக்கெட் 19 என்று சொன்னால், யார் எங்கே கதவைச் சாத்தியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

இப்போது கடிகாரம். நான் சொல்ல வந்ததில் கனமான பகுதி இதுதான்.

டிக்கெட்டில் அச்சிட்ட நேரம் எல்லாம் அந்தந்த ஊர்ச் சுவர்க் கடிகாரம் காட்டுவது. கிளம்பும் நேரம் கிளம்பும் ஊரில், சேரும் நேரம் சேரும் ஊரில். ஒன்றிலிருந்து மற்றதைக் கழிப்பது கீழக்கரை மீன் விலையிலிருந்து கொழும்பு மீன் விலையைக் கழிப்பதுபோல. நாணயத்தை மாற்றாமல் கழிக்கலாமா?

நம் ஊரில் இரண்டு தலைமுறையாக ஒரு நம்பிக்கை உண்டு: துபாய் பக்கம், சிங்கப்பூர் தூரம். துபாய்க்குக் காலை 10 மணிக்கு ஏறினால் பகல் 12.45க்கு இறங்கிவிடலாம். சிங்கப்பூருக்குக் காலை 10 மணிக்கு ஏறினால் மாலை 4.45 ஆகிவிடுகிறது. ஒன்று மூன்று மணிக்கும் குறைவு, மற்றது ஏழு மணிக்குக் கொஞ்சம் குறைவு என்று சிங்கப்பூர் மாப்பிள்ளை வேண்டாம் என்றவர்களையே எனக்குத் தெரியும். இழையை எடுத்துச் சென்னையில் வைத்துப் பாருங்கள். சென்னை–துபாய் சுமார் 2,930 கிலோமீட்டர். சென்னை–சிங்கப்பூரும் சுமார் 2,930 கிலோமீட்டர்! இரண்டும் ஏறத்தாழ நாலேகால் மணிப் பயணம். துபாய் கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால், சிங்கப்பூர் கடிகாரம் இரண்டரை மணி முன்னால். வித்தியாசம் முழுவதும் அவ்வளவுதான்.

இதை ஒழிக்கக் கப்பலில் ஒரு வழி வைத்திருந்தோம். ஊருக்கு ஊர் சுவர்க் கடிகாரத்தைத் திருப்பிக்கொண்டே போவோம். ஆனால் மெத்தைப் பெட்டிக்குள் இருக்கும் துல்லியக் கடிகாரமான குரோனோமீட்டரை யாரும் தொடக் கூடாது. அது எப்போதும் கிரீனிச் நேரம் காட்டும். எல்லா நாட்டு நேரத்தையும் எண்ணத் தொடங்கும் லண்டன் பக்கத்து நேரம் அது. கணக்கு எல்லாம் அதில்தான். நீங்களும் அப்படியே செய்யுங்கள். இரண்டு நேரத்தையும் கிரீனிச்சுக்கு மாற்றிவிட்டு, பிறகு கழியுங்கள்.

தங்கச்சி மகனின் டிக்கெட்டையே எடுத்துக்கொள்வோம். தோஹா கிரீனிச்சுக்கு மூன்று மணி முன்னால். ஜூன் 10 இரவு 2 மணி என்பது கிரீனிச்சில் ஜூன் 9 இரவு 11 மணி. ஆக்லாந்து ஜூனில் பன்னிரண்டு மணி முன்னால். அங்கே ஜூன் 11 விடியற்காலை 3 மணி என்பது கிரீனிச்சில் ஜூன் 10 பிற்பகல் 3 மணி. 9ஆம் தேதி இரவு 11இலிருந்து 10ஆம் தேதி பிற்பகல் 3 வரை எண்ணினால் பதினாறு மணி நேரம். பத்து விரலில் எண்ணி அவளே ஒப்புக்கொண்டாள்.

கிரீனிச்சுக்கு நம்முடையது ஐந்தரை மணி முன்னால். சவூதி, கத்தார், குவைத் மூன்று. அமீரகம் நாலு. சிங்கப்பூர், மலேசியா, புருணை எட்டு. இவை வருடம் முழுக்க மாறாதவை. மாறுகிறவர்களிடம்தான் எச்சரிக்கை வேண்டும். ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு ஒரு மணி கூட்டி, அக்டோபர் கடைசி ஞாயிறு குறைப்பார்கள். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். நியூசிலாந்தில் கோடை நமக்குக் குளிர்காலத்தில் வருவதால், செப்டம்பர் கடைசி ஞாயிறு கூட்டி ஏப்ரல் முதல் ஞாயிறு குறைப்பார்கள். அதே விமானம் ஜனவரியில் போனால் 3 மணிக்குப் பதில் 4 மணிக்கு இறங்குவதாக டிக்கெட் சொல்லும். விமானம் மெதுவாகப் போவதாக அர்த்தமில்லை.

ஒரு மணிக்குப் பதினைந்து பாகை, ஒரு பாகைக்கு நாலு நிமிடம். சூரியன் கணக்கு அவ்வளவுதான். இந்திய நேரம் 82.5 பாகைக் கோட்டை வைத்து வகுத்தது. நாம் 78.8இல் இருக்கிறோம். அதனால் நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாகப் பன்னிரண்டேகாலுக்கு. லுஹர் என்ற நண்பகல் தொழுகையின் நேர அட்டையைச் சுவரில் மாட்டியிருப்பவர்களுக்கு இது புதிதல்ல.

தேதிப் பிழை நேரப் பிழையைவிடக் கொடியது. 00.40 என்று அச்சிட்டிருந்தால் அது அந்தத் தேதி பிறந்து நாற்பதாவது நிமிடம். அதாவது முந்தின நாள் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். கப்பலின் பதிவேட்டில் ஆயிரம் தடவை 00.40 என்று எழுதியவன் நான். தொண்ணூறுகளில் ஒரு முறை ராட்டர்டாமில் கப்பலைப் பிடிக்க வேண்டியிருந்தது. 18ஆம் தேதி, 00.40. பதினெட்டாம் தேதி சாயங்காலம் குளித்து, பிரியாணி சாப்பிட்டு, எல்லாரிடமும் சலாம் சொல்லிக்கொண்டு மும்பை விமான நிலையத்துக்குப் போய் நின்றேன். விமானம் போய் இருபது மணி நேரம் ஆகியிருந்தது. கப்பல் எனக்காகக் காத்திருக்கவில்லை. அன்றிலிருந்து நள்ளிரவு டிக்கெட் எதுவானாலும் நாட்காட்டியில் முந்தின தேதியில்தான் வட்டம் போடுகிறேன். சேரும் நேரத்தின் பக்கத்தில் சின்னதாக +1 என்று இருந்தால் மறுநாள் என்று பொருள். அதைக் காணாமல் காரை ஒரு நாள் முன்னதாக அனுப்பியவர்கள் நம் தெருவிலேயே மூன்று பேர்.

கடைசியாக, விமானத்தின் நேரம் பயணத்தின் நேரம் ஆகாது. கீழக்கரையிலிருந்து தோஹா இழையில் சுமார் 3,350 கிலோமீட்டர். நாலரை மணி நேரக் கணக்கு. ஆனால் இந்தப் பையன் கடைசியாக விடுமுறை முடிந்து போனபோது ராமநாதபுரத்தில் இரவு ரயில் ஏறி, சென்னையில் காலையில் இறங்கி, விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்னதாகப் போய் நின்று, தோஹாவில் அறைக்குப் போய்ச் சேர இருபது மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த நேரத்தில் அவன் தோஹாவிலிருந்து ஆக்லாந்துக்கே போயிருக்கலாம். உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து விமானதளம் இருக்கிறது. அது கடற்படையினுடையது, நமக்கு ஓசை மட்டும். நமக்கு மதுரை மூன்று மணி நேரம், திருச்சி நாலு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருவிழாவோ மழையோ இருந்தால் ஒரு மணி கூட்டுங்கள்.

இழையையும் நேரத்தையும் பிரித்துப் பார்க்கக் கற்றுத்தந்தது எனக்கு எங்கள் கடல்தான். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. 1914 முதல் 1964 புயல் வரை, சென்னையில் போட்மெயில் ரயில் ஏறியவர்கள் தனுஷ்கோடியில் நீராவிக் கப்பலுக்கு மாறி அக்கரைக்குப் போனார்கள். இன்று ராமேசுவரத்தில் இருப்பவர் வான்வழியாகத் தலைமன்னார் போக வேண்டுமென்றால் மேற்கே மதுரைக்குப் போய், விமானத்தில் தெற்கே கொழும்புக்குப் போய், மறுபடி வடக்கே ஒரு பகல் முழுக்கத் தரைவழி வர வேண்டும். உருண்டையில் இழையே வைக்க முடியாத அளவு கிட்டத்தில் இருக்கும் ஊர் அது.

தங்கச்சி அன்று மூன்று எண்களைச் சமையலறை நாட்காட்டியில் ஜூன் 10க்குக் கீழே எழுதிவைத்தாள். 4.30, அவன் புறப்படும் நேரம் நம் கடிகாரத்தில். 8.30, நாலு மணி நேரம் கழித்து நம் கடலைக் கடக்கும் நேரம். இரவு 8.30, இறங்கும் நேரம். விமானி அன்று வேறு வழி எடுக்கலாம், எழுபது கிலோமீட்டர் தள்ளிப் போவது கண்ணுக்குத் தெரியாது என்று தெளிவாகச் சொல்லியிருந்தேன். ஆனாலும் அன்று காலை எட்டேகாலுக்கே அவள் மொட்டைமாடியில் தெற்கே பார்த்து நின்றாள். நானும் என் மாடியில் நின்றேன் என்பதையும் எழுதாவிட்டால் கணக்கில் நேர்மை இருக்காது. சோழகத்தில் மேகம் ஓடிக்கொண்டிருந்தது.

இரவில் அவளிடம் ஒன்று சொல்லிவைத்தேன். விமானம் தரையைத் தொட்டதும் அழைப்பு வராது. குடிநுழைவு, பெட்டி, சுங்கம், அதோடு நியூசிலாந்துக்காரர்கள் ஊறுகாய்ப் பாட்டிலையும் கருவாட்டையும் துருவிப் பார்ப்பார்கள். ஒன்றரை மணி நேரம் கூட்டிக்கொள், பத்து மணிக்கு முன் என் கதவைத் தட்டாதே என்றேன். தட்டவில்லை. 9.50க்கு அவள் வீட்டில் கைபேசி ஒலித்தது திண்ணை வரை கேட்டது. சற்று நேரம் கழித்து வாசலுக்கு வந்தாள்.

"இறங்கிவிட்டானா?"

"இறங்கிவிட்டான். கருவாட்டைப் பிடுங்கிக்கொண்டார்களாம்."

அங்கே இப்போது மணி என்ன என்று நான் மனத்துக்குள் கூட்டத் தொடங்குவதற்குள் அவளே சொன்னாள்: "அவன் அழைத்தபோது விடியற்காலை 4.20, காக்கா. சுபுஹுத் தொழுகைக்கு இன்னும் நேரம் இருக்கிறது."